நிழல்களை அணைத்தல்

வினாடிக்குப் பதினோரு படம்.
அவ்வளவுதான் தருகிறது என் பெட்டி.
ஓடு என்றால் யோசிக்கிறது.
குதி என்றால்
குதித்திருக்க வேண்டிய இடம் போன பிறகு குதிக்கிறது.
பனிமலையின் கயிற்றுப் பாலத்தில்
இந்த மாதம் மட்டும் பத்தொன்பது முறை செத்தேன்.
அக்கரையில் நின்று நீ சொல்கிறாய்:
"மெதுவா வா ரூபிணி, எனக்கு ஒன்னும் அவசரமில்ல."
பொய், லோகேந்திரா.
விடிகாலை நாலரைக்கு நீ
ஜொகூர் பாலத்தில் மோட்டார் வரிசையில் நிற்க வேண்டும்.

பகலெல்லாம் பாயான் லெப்பாஸில்
நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லு பார்ப்பவள் நான்.
கீறல் இருந்தால் சிவப்புத் தட்டு, இல்லையென்றால் பச்சை.
சிவப்பில் விழுவதுகூட
என் வீட்டுப் பெட்டிக்கு ஒன்பது வயது இளையது.
வாசலில் தினமும் பையைச் சோதிக்கிறார்கள்.
இருப்பது சோற்று டப்பா, ஒரு குடை.

ஞாயிறு காலை ரெலாவ் அடுக்குமாடியில்
தரையில் நாளிதழ் விரித்துப் பெட்டியைத் திறந்தேன்.
நாலு திருகாணி. ஒன்று ஏற்கெனவே தொலைந்திருந்தது.
உள்ளே சாம்பிராணித் தூள், பூனை முடி
(வீட்டில் பூனை இல்லை),
பல்லி முட்டையின் பாதி ஓடு.
விசிறியின் மேல்
புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடிய வருடம்
சாம்பல் நிறத் துணியாய் நெய்து கிடந்தது.
அந்த வருடம் நாங்கள் சன்னலை அடைத்துக்கொண்டோம்.
இது மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பெயின்ட் தூரிகை. மருந்துக்கடை ஸ்பிரிட்.
பழைய பசை
சாயங்கால நெற்றியில் மிஞ்சிய திருநீறாய் உதிர்ந்தது.
புதியது பச்சைப்பயறு அளவு போதுமாம்.
கடலை அளவு வைத்துவிட்டேன்.
வழித்து, மறுபடி வைத்தேன்.

கொம்தாரில் ஆ சூன் கடை.
"இதெல்லாம் இப்ப யார் வாங்குறா" என்று மலாயில் சிரித்தார்,
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கிளறினார்.
நாற்பது வெள்ளி என்றார், முப்பத்திரண்டுக்குத் தந்தார்.
என் விரல் நீள நினைவகத் துண்டு.
வாங்கிய நாள் முதல் காலியாய்க் கிடந்த குழியில் வைத்து அழுத்த
டக் என்றது.
இந்தச் சின்னச் சத்தத்துக்கா இத்தனை வருடம்.

பிறகு திரைக்குள் புகுந்தேன்.
எப்போதோ விற்றுவிட்ட அச்சுப்பொறிக்காக
விழித்துக் காத்திருந்தது ஒரு செயலி.
இன்னொன்று, நான் பாதியில் விட்ட டிப்ளோமாவின்
வகுப்புக்கு மணி வைத்திருந்தது.
போங்கள் என்றேன். போனார்கள்.
மின்சேமிப்பு என்பதை யாரோ அழுத்தி வைத்திருந்தார்கள்.
இந்த வீட்டில் யாரோ என்றால் நான்தான்.

கடைசியாக விளையாட்டின் பட்டியல்.
புல், வேண்டாம்.
ஆற்றில் தெரியும் வானம், வேண்டாம்.
நிழல்?
கை கொஞ்சம் நின்றது.
வேண்டாம்.

வெள்ளி இரவு, வினாடிக்கு நாற்பத்திரண்டு!
மலை மொட்டை. ஆறு தகரம்.
உன் தாடி ஒரே கட்டி, வெல்லம் மாதிரி.
ஆனால் ஓடு என்ற கணத்தில் ஓடினேன்.
வழக்கம்போல் என்னைத் தூக்கிவிட
நீ பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தாய்.
நிற்கத் தெரியவில்லை எனக்கு,
இந்த வேகத்தில் நின்று பழக்கமில்லை.
இடித்த இடியில் நீ பள்ளத்தில் போனாய்.
"அலாமாக்!" என்று விழுந்துகொண்டே கத்தினாய்.
அக்கரையில் முதல் முறையாக
உனக்காக நான் காத்து நின்றேன்.

ஒரு மணிக்கு மறுபடி சூடு.
பக்கத் தகட்டைக் கழற்றி
மேசை விசிறியைப் பெட்டிக்குத் திருப்பினேன்.
வீட்டில் இருப்பது ஒரே விசிறி.
முதுகோடு ஒட்டியது சட்டை.

"உன் பக்கத்துல எனக்கு நிழல் தெரியுதா?" என்றாய்.
இல்லை, அணைத்துவிட்டேன் என்றேன்.
"என் பக்கத்துல உனக்கு இருக்கு. நல்லா நீளமா."

நாலரைக்கு மூன்றரை மணி நேரம்.
தூங்கு என்று சொல்ல வாய் எடுத்தேன்.
அதற்குள் நீ அடுத்த மலையில் ஏறத் தொடங்கியிருந்தாய்.